வாரண்டி முடிந்த மடிக்கணினி பழுதானால்: எங்கே கொடுப்பது, எப்போது கைவிடுவது?

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் பிராசஸர், ரேம், விலை, மாதத் தவணை ஆகியவற்றைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வாரண்டி முடிந்த பிறகு இது பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "எல்லா ஊரிலும் சர்வீஸ் சென்டர் இருக்கிறது" என்பதற்கு மேல் பதில் வராது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் பவர் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் விளக்கு எரியாதபோதுதான் அந்தக் கேள்வி உண்மையில் எழுகிறது. அப்போது உரிமையாளர் முன் இருப்பவை இவை: நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், சிப் லெவல் வேலை செய்யும், அதாவது சர்க்யூட் போர்டில் உள்ள சிறு பாகங்களையே பழுதுபார்க்கும் தனியார் கடை, புதியது வாங்கும்போது எக்ஸ்சேஞ்ச், பழையதாக விற்பது அல்லது தேவைப்படும் ஒருவருக்குக் கொடுப்பது, கடைசியாக மறுசுழற்சி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் மதிப்பீட்டுத் தொகையை மட்டும் பார்த்து ஒரு கணினியின் ஆயுளை முடிவு செய்யக் கூடாது. எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதும், நம்முடைய கோப்புகள் எந்தப் பாகத்தில் இருக்கின்றன என்பதும் தெரிந்த பிறகே எந்த வழி என்று தீர்மானிக்க வேண்டும். நான் பார்த்தவரை, வீட்டில் மூலையில் கிடந்து பிறகு பழைய சாமான் வண்டிக்குப் போகும் மடிக்கணினிகளில் பல, சரிசெய்யக் கூடிய நிலையில் இருந்தும் அந்த மதிப்பீட்டுத் தாளைக் கண்டு கைவிடப்பட்டவை. பழுதுபார்ப்பையும் மறுசுழற்சியையும் இரு வேறு விஷயங்களாகப் பேசுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் முதலாவதில் எடுக்கும் தவறான முடிவுதான் இரண்டாவதற்குக் குப்பையை அனுப்புகிறது.

சர்வீஸ் சென்டர் போடும் கணக்கு

நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு இருக்கும் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஒப்பந்த அடிப்படையில் வேறொருவர் நடத்துபவை. அங்குள்ள பொறியாளரின் வேலை, பழுதான பாகம் எது என்று கண்டறிந்து, நிறுவனத்தின் கிடங்கிலிருந்து அதே பாகத்தை வரவழைத்து மாற்றுவது. அந்தப் பாகங்கள் திரை, கீபோர்டு, பேட்டரி, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைச் சர்க்யூட் போர்டு) என்ற அளவிலேயே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகத்தையோ, சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சிப்பான சார்ஜிங் ஐசியையோ தனியாக மாற்றும் வேலை அவருக்கு ஒப்படைக்கப்படுவதில்லை. எனவே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விலைப்பட்டியலில் "போர்டு" என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில் பிராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பலவற்றில் ரேமும் அப்படியே. ஆப்பிளின் இன்றைய மேக்புக்குகளில் சேமிப்பகமும் போர்டோடு சேர்ந்ததுதான். ஆகவே சில ரூபாய் மட்டுமே பெறும் ஒரு சிறு பாகம் ஷார்ட் ஆனாலும் (மின்சாரம் தவறான வழியில் பாய்ந்தாலும்), போர்டை மாற்ற வேண்டும் என்ற பதிலுக்குள் பிராசஸரின் விலையும் ரேமின் விலையும் வந்து சேர்ந்துவிடுகின்றன. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. புதிய கணினியின் விலையில் பாதி, சில நேரம் அதற்கும் மேல் என்று மதிப்பீடு வருவதற்குக் காரணம் இந்தக் கட்டமைப்பு. அந்தத் தொகையைக் கேட்டவுடன் "இதற்குப் புதிதாகவே வாங்கிவிடலாமே" என்று எவருக்கும் தோன்றும். சில இடங்களில் அந்த யோசனையைக் கவுண்டரிலேயே சொல்லவும் செய்கிறார்கள்.

பணம் கட்டச் சம்மதித்தாலும் பாகம் கிடைக்க வேண்டும். ஒரு மாடலை விற்பனையிலிருந்து நிறுத்திய பிறகு எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும் என்று மடிக்கணினி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருட்களுக்கு, கடைசியாகத் தயாரித்த நாளிலிருந்து 7 ஆண்டுகளுக்குப் பாகங்களையும் கருவிகளையும் கையேடுகளையும் பயனருக்கும் தனியார் கடைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல், ஒரு மடிக்கணினியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்பனை இடத்திலேயே காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்தது. நிறுவனங்களின் கையேடுகள், சர்வீஸ் சென்டர் முகவரிகள், வாரண்டி விவரங்கள் ஓரிடத்தில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பாகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டளையாக அது இன்னும் மாறவில்லை. விற்கும்போது ஊர் ஊராகத் தேடிவரும் நிறுவனங்கள், விற்ற பொருளுக்கு ஒரு கீபோர்டைக் கொடுக்க வாரக்கணக்கில் காக்க வைப்பதை நாம் இயல்பானதாக ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இருந்தாலும் சர்வீஸ் சென்டரே சரியான இடம் என்று சொல்லத்தக்க சூழல்கள் உண்டு. வாரண்டிக் காலத்துக்குள் வேறெங்கும் திறக்கக் கொடுக்கவே கூடாது; வெளியாள் கைவைத்ததைக் காரணம் காட்டி மறுப்பதற்கு நிபந்தனைகளில் இடம் இருக்கும். பேட்டரி மாற்றுவதாக இருந்தால் வாரண்டி முடிந்த பிறகும் நான் நிறுவனத்தின் பேட்டரியையே பரிந்துரைப்பேன். சந்தையில் அதே எண்ணோடு கிடைக்கும் போலிகளில் உள்ளே என்ன செல் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. லித்தியம் அயன் பேட்டரியில் அந்த அறியாமை தீ விபத்தில் முடியலாம். திரையும் அப்படித்தான், குறிப்பாகத் தொடுதிரை உள்ள மாடல்களில். மற்றபடி மதர்போர்டு, மூடியின் கீல், சார்ஜரைச் செருகும் துளையான சார்ஜிங் போர்ட் ஆகிய மூன்றும்தான் தனியார் கடைக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையே செலவில் பெரிய வேறுபாடு வரும் இடங்கள்.

சர்வீஸ் சென்டருக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற பூட்டு, உரிமையாளர் அறியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் சாவி மதர்போர்டில் உள்ள டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், போர்டை மாற்றியதும் கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பொதுவாக மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண் இல்லையென்றால் கணினி சரியாகித் திரும்பி வந்தும் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் கிடைக்காது. சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடலாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை: போர்டு மாற்றம் என்பதே தரவு இழப்புதான்.

வாரண்டிக் காலத்தில் சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால், தொலைபேசியில் சண்டை போடுவதைவிட எழுத்தில் பதிவு செய்வது பலன் தரும். கணினியைக் கொடுக்கும்போது, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் பழுதின் விவரம், உடலில் ஏற்கெனவே உள்ள கீறல்கள், சார்ஜர் கொடுத்தோமா இல்லையா என்பது வரை எழுதச் சொல்லி, அப்போதே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது "இது தண்ணீர் பட்டது, வாரண்டி கிடையாது" என்று சொல்லப்பட்டால், எந்த இடத்தில் ஈரத்தின் தடம் இருக்கிறது என்று படத்தோடு எழுதித் தரக் கேட்கலாம். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் பதிவாகும் புகார் நேராக நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போவதால் சில புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதுவும் பலிக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

சிப் லெவல் கடைகள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூருவின் எஸ்.பி. ரோடு, டெல்லியின் நேரு பிளேஸ் ஆகியவை இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. இப்போது மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களிலும் மதர்போர்டையே பிரித்து வேலை செய்யும் கடைகள் இருக்கின்றன. நிறுவனம் பாகத்தை மாற்றுகிறது. இவர்கள் பாகத்தைப் பழுதுபார்க்கிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதிலிருந்தே எல்லாம் மாறிவிடுகிறது.

என் அக்கா மகள் கல்லூரிக்கு வைத்திருந்த மடிக்கணினி ஒரு நாள் முற்றிலும் செத்துப்போனது. சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதிய கணினியின் விலையில் பாதிக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அருகில் ஒற்றை மேசை போட்டிருந்த ஒருவரிடம் போனோம். அவர் போர்டை வெளியே எடுத்து, சார்ஜரிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் 19 வோல்ட் பாதையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பாதை கிரவுண்ட் இணைப்போடு ஷார்ட் ஆகியிருப்பது தெரிந்தது. பிறகு ஒரு டி.சி. பவர் சப்ளையை ஒரு வோல்ட்டுக்குக் குறைத்து வைத்து அந்தப் பாதையில் இணைத்தார். போர்டின் மேல் ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினார். போர்டு முழுவதும் ஈரமாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று உலர்ந்தது. ஷார்ட் ஆன பாகத்தில்தான் மின்சாரமெல்லாம் பாய்ந்து சூடேறும் என்பதால், முதலில் உலரும் இடமே குற்றவாளி. "சார், போர்டு போகல. இந்த ஒரு கெப்பாசிட்டர்தான்" என்று காட்டினார். கடுகைவிடச் சற்றே பெரிதாக இருந்தது அது. அதைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் கிடந்த செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே வகைப் பாகத்தை எடுத்துப் பற்றவைத்தார். விளக்கு எரிந்தது. கோப்புகள் இருக்கும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யை யாரும் தொடவே இல்லை. கோப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன.

எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதாக முடியாது. சார்ஜிங் ஐசி, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட், உடைந்த சார்ஜிங் போர்ட், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிப் ஆகியவை நல்ல கையில் பெரும்பாலும் சரியாகும். கீல் உடைவதும் இவர்களிடம் மலிவாகத் தீரும். பல மாடல்களில் கீலின் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த சிறிய பித்தளை மரைகளில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கீல் இறுகி, மூடியைத் திறக்கும்போது அந்த மரை பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வருகிறது. இது வடிவமைப்பின் குறை, உரிமையாளரின் கவனக்குறைவு இல்லை. சர்வீஸ் சென்டரில் இதற்காக மேல்மூடி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். தனியார் கடையில் மரையை மீண்டும் பதித்து, எபாக்ஸி என்ற கடினப் பசை ஊற்றி, கீலைத் தளர்த்திக் கொடுப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

தயங்க வேண்டிய இடம் கிராஃபிக்ஸ் சிப்பும் பிராசஸரும். "ஹீட் அடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி, சிப்பைச் சூடாக்கி உயிர் கொடுக்கும் கடைகள் உண்டு. சில வாரங்களில் அதே பழுது திரும்பும். சிப்பையே புதிதாக மாற்றுவதாகவும் அதற்குச் சில மாத உத்தரவாதம் தருவதாகவும் எழுத்தில் சொன்னாலொழிய அந்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தண்ணீர் கொட்டிய போர்டும் அப்படித்தான்: உடனே அணைத்து, அன்றைக்கே கொண்டுபோனால் நம்பிக்கை இருக்கிறது, ஈரத்தோடு சார்ஜ் போட்டு ஓட்டிவிட்டு ஒரு மாதம் கழித்துக் கொண்டுபோனால், அரிப்பு ஓடிய பாதைகளை ஒவ்வொன்றாகத் தேடுவதற்கு நல்ல தொழில்நுட்பரே சம்மதிக்க மாட்டார்.

தனியார் கடையின் உண்மையான பலவீனம் திறமையில் இல்லை, பொறுப்பேற்பில் இருக்கிறது. பில் கொடுக்காத கடை, நம் கண்முன் திறக்க மறுக்கும் கடை, என்ன பாகம் மாற்றினோம் என்று சொல்லாத கடை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி. கழற்றக் கூடியதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது. பவர் வராத பழுதைக் கண்டுபிடிக்க அவருக்கு நம் கோப்புகள் தேவையில்லை. கழற்றிய பாகங்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க, ரேமின் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதில் யாரையும் அவமதிப்பதாக எதுவும் இல்லை. நல்ல கடைக்காரர்கள் இதை விரும்புகிறார்கள், ஏனெனில் பின்னால் வரும் வீண் பழியிலிருந்து அவர்களையும் இது காக்கிறது.

எக்ஸ்சேஞ்ச் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத கணினிக்குக் கிடைக்கும் எக்ஸ்சேஞ்ச் தொகை மிகக் குறைவு. பல நேரங்களில் அது புதியதற்கு எப்படியும் கிடைத்திருக்கும் தள்ளுபடியின் இன்னொரு பெயர். கொடுத்த கணினி எங்கே போகிறது, உள்ளே இருக்கும் டிஸ்க்கை யார் அழிக்கிறார்கள் என்பதற்கு எழுத்தில் பதில் கிடைப்பது அரிது. புதியது வாங்குவதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுப்பதாக இருந்தால் மட்டும் இந்த வழியை எடுக்கலாம்.

ஓடுகிறது, ஆனால் பழையது

பழுதே இல்லாமல் கைவிடப்படும் கணினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும்; இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இதனால் கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கும் ஏராளமான கணினிகள் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கி அரசு விலையில்லாமல் வழங்கிய இலட்சக்கணக்கான மாணவர் மடிக்கணினிகளில் பல வீடுகளில் இப்போதும் அலமாரிக்குள் இருக்கின்றன.

இவற்றுக்கு மறுசுழற்சியை முதல் வழியாக நினைப்பது தவறு. ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கார்பன் உமிழ்வின் பெரும்பகுதி, அது தயாரிக்கப்படும்போதே நிகழ்ந்துவிடுகிறது. நாம் பல ஆண்டுகள் சார்ஜ் போடுவதால் ஆவது அதைவிடக் குறைவு. எனவே இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டுவதுதான் சுற்றுச்சூழலுக்குச் செய்யும் பெரிய உதவி. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், இணையம், தட்டச்சு, காணொளி வகுப்பு ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். தமிழில் தட்டச்சு செய்வதும் அதில் சிரமமில்லை. கணக்கு மென்பொருள், வரித் தாக்கல் போன்றவற்றுக்காக விண்டோஸிலேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு இது உதவாது. அவர்கள் அந்தக் கணினியை வீட்டுப் பிள்ளைக்கோ, பக்கத்துப் பள்ளிக்கோ, ஒரு நூலகத்துக்கோ கொடுக்கலாம். விற்பதைவிடக் கொடுப்பதைச் சொல்கிறேன், ஏனெனில் பத்து வயதான கணினிக்குச் சந்தையில் கிடைக்கும் தொகை, அது ஒரு மாணவருக்குத் தரும் பயனுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஓடாத ஒன்றை "தானம்" என்று கொடுத்து, குப்பையை அகற்றும் பொறுப்பைப் பள்ளியின் தலையில் கட்டக் கூடாது.

உண்மையிலேயே முடிந்துபோனபோது

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் உருவான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மீதி எங்கே போகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. டெல்லியின் சீலம்பூரில் கணினிகள் கையால் பிரிக்கப்படுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் சர்க்யூட் போர்டுகள் எரிக்கப்பட்டும் அமிலத்தில் ஊறவைக்கப்பட்டும் உலோகம் பிரிக்கப்பட்டிருக்கிறது. சாம்பலும் கழிவும் ராம்கங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்டன. தாமிரத்துக்காகக் கம்பியின் பி.வி.சி. உறையை எரிக்கும்போது டையாக்சின் என்ற நச்சுப்பொருள் வெளிவருகிறது. போர்டின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். அந்த வேலையைச் செய்பவர்களின் கையில் பெரும்பாலும் ஓர் உறைகூட இருப்பதில்லை.

நம் தெருவுக்கு வரும் பழைய சாமான் வியாபாரியை இதற்குக் குற்றம் சொல்வது நியாயமில்லை. சேகரிப்பதில் அவரைவிடத் திறமையானவர் எவரும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து, எடை போட்டு, கையில் பணம் கொடுக்கிறார். கெடுதல் நடப்பது அவருக்கு அப்பால், போர்டுகள் மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டுக் கை மாறிப் போகும் இடத்தில். ஆனாலும் மடிக்கணினியை அவரிடம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போர்டு எங்கே போகும் என்று அவராலும் உறுதி சொல்ல முடியாது.

சட்டம் என்ன செய்கிறது? 2011இல் முதன்முதலாக வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2016இல் மாற்றப்பட்டு, பிறகு 2022இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தயாரிப்பாளர் தான் விற்றதற்கு ஏற்ப ஒரு பங்கை மறுசுழற்சி செய்யவைக்க வேண்டும்: 2023-24லும் 2024-25லும் 60 சதவீதம், அடுத்த இரு ஆண்டுகளில் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் இதை நிறைவேற்றும் முறை, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்குவதுதான். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கணினி சேகரிக்கப்பட்டதா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. எங்கிருந்தோ வந்த கழிவின் எடை கணக்கில் சேர்ந்தால் போதும். பழைய விதிகளில் தனி இடம் பெற்றிருந்த சேகரிப்பு மையங்களும் புதிய விதிகளில் பதிவு பெற வேண்டியோர் பட்டியலில் இல்லை; தயாரிப்பு நிலையம், பொருளைச் சந்தையில் விற்கும் தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்ற நான்கு பிரிவினர் மட்டுமே இருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் மறுசுழற்சியாளருக்கு ஒரு கிலோவுக்கு இவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் குறைந்தபட்ச விலை வைத்தபோது, அதை எதிர்த்துப் பெரிய மின்னணு நிறுவனங்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. விற்ற பொருளின் முடிவுக்குத் தாங்களும் பொறுப்பு என்பதை அந்த நிறுவனங்கள் மனதார ஏற்கவில்லை என்றே இதை நான் பார்க்கிறேன்.

இந்த நிலையில் தனிநபர் செய்யக் கூடியது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைத் தானே தேடிப் போவது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவாசலில் மாநில வாரியாகப் பட்டியல் கிடைக்கிறது. ஒற்றைக் கணினிக்கு வண்டி அனுப்ப அவர்களுக்குக் கட்டுப்படியாகாது; எனவே அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமோ, பள்ளியோ, அலுவலகமோ ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருடைய பழைய பொருட்களையும் சேர்த்து அழைத்தால் வருவார்கள். மடிக்கணினி நிறுவனங்களில் சில தங்கள் தளத்தில் பழையதைத் திரும்பப் பெறும் படிவம் வைத்திருக்கின்றன, அதையும் முயலலாம். எந்த வழியானாலும் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது கேட்க வேண்டும். நல்ல மறுசுழற்சி நிலையத்திலும் போர்டிலிருந்து தங்கமும் பல்லேடியமும் பிரிப்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. அதற்கான பெரிய உருக்காலைகள் உலகில் சிலவே. பெல்ஜியத்தின் ஹோபோகனில் உள்ள யூமிகோர் ஆலை அவற்றில் ஒன்று. முறையான மறுசுழற்சி ஏன் மெதுவாகவும் செலவோடும் நடக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

கொடுப்பதற்கு முன் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும். முதலாவது டிஸ்க். எஸ்.எஸ்.டி.யில் கோப்பை அழிப்பதாலும் ஃபார்மட் செய்வதாலும் தரவு முழுவதும் போய்விட்டதாக நம்ப முடியாது. கழற்றக் கூடியதாக இருந்தால் கழற்றி, ஒரு சிறிய யு.எஸ்.பி. உறையில் போட்டு நாமே வெளிச் சேமிப்பகமாகப் பயன்படுத்தலாம். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் உள்ளே தரவு பதிந்திருக்கும் தட்டுகள் வரை துளையிட்டுவிடலாம். இரண்டாவது பேட்டரி. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள்; அதைச் சார்ஜ் செய்யவோ அழுத்தவோ குத்தவோ கூடாது, நாமே பிரிக்கவும் கூடாது. பேட்டரிக் கழிவுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து தனி விதிகள் இருக்கின்றன. வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை வண்டியிலோ கிடங்கிலோ நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

எந்தப் பழுதுக்கு எந்த வழி என்று ஒருவர் என்னிடம் கேட்டால், வாரண்டிக்குள் இருந்தால் சர்வீஸ் சென்டருக்கும், வாரண்டி முடிந்து பவர் வராவிட்டால் சர்வீஸ் சென்டரின் மதிப்பீட்டுக்கு முன்பாகவே ஒரு நல்ல சிப் லெவல் கடைக்கும், பேட்டரிக்கும் திரைக்கும் மீண்டும் நிறுவனத்துக்கும் அனுப்புவேன். இரண்டு நல்ல கடைகள் தனித்தனியாகப் பார்த்துக் கைவிட்ட போர்டை மட்டுமே மறுசுழற்சிக்கு அனுப்பலாம் என்பேன். அப்போதும் திரை, ரேம், கீபோர்டு ஆகியவற்றை அதே கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுவிட வேண்டும், ஏனெனில் அவை இன்னொரு கணினியை உயிரோடு வைத்திருக்கும்.

அடுத்த கணினியை வாங்கும்போதே இந்தத் தொல்லையில் பாதியைக் குறைக்கலாம். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் சொருகக் கூடியவையா, பற்றவைத்தவையா என்று விவரக் குறிப்பில் பார்த்து, சொருகக் கூடியதையே எடுக்க வேண்டும். லெனோவா, டெல், எச்.பி. போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்கு எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது வரை சொல்லும் பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. வாங்க நினைக்கும் மாடலுக்கு அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, பேட்டரியை மாற்றும் பக்கத்தைத் திறந்து, அதற்கு எத்தனை பாகங்களைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே அந்தக் கணினியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். அலுவலகப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் வரிசைகளில் பாகங்கள் நீண்ட காலம் கிடைக்கின்றன. அவற்றில் புதியதை வாங்க முடியாவிட்டாலும், அதே விலைக்கு வரும் புதிய மலிவு மாடலைவிட மூன்று ஆண்டு பழைய அலுவலக மாடலை நம்பகமான கடையில் பில்லோடு வாங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.